பாதிக் காரின் சொந்தக்காரன்

எட்னா எரிமலை லேசாகச் செருமினாலே போதும், அதன் அடிவாரத்தில் இருக்கிற எங்கள் பியேத்ராநேரா ஊரில் முதலில் எழுந்து ஓடுகிறவன் சிரினோதான். மொட்டைமாடிக்கு ஏறி, மழைத் தண்ணீர்த் தொட்டிக்கு இறங்கும் குழாயின் வாயில் பழைய துணியைத் திணிப்பான். கொடியில் காய்கிற துணிகளை அள்ளிக்கொண்டு வருவான். ஜன்னல்களைச் சாத்துவான். எல்லாம் முடித்து அவன் மூச்சு வாங்கும்போதுதான் அக்கம்பக்கத்தார் "என்ன, சாம்பல் கொட்டப் போகுதா?" என்று தலையை வெளியே நீட்டுவார்கள்.

அவன் பிழைப்பே அந்தச் சாம்பலில்தான். மலை கக்குகிற கறுப்பு மணல் கூரைகளில் விழுந்து, ஓரத்தில் மழைநீர் வடிகிற தகரக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். அதை வாரி மூட்டை கட்டி இறக்குவதும், அரித்துப்போன தகரத்தை மாற்றுவதும் சிரினோவின் தொழில். மலைக்குக் கோபம் வந்தால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஆனால் அந்த மணல் எதையெல்லாம் தின்னும் என்று தொட்டுப் பார்த்தவன் என்பதால், எதையும் திறந்து வைக்க அவனுக்கு மனசு வராது. மகன் ஆல்ஃபியோ ஜெர்மனிக்குச் சமையல் வேலைக்குப் போகிறேன் என்றபோது, அங்கே குளிர், அங்கே தனிமை, அங்கே ஏமாற்றுக்காரர்கள் என்று பேசிப் பேசியே அவனை ஊரோடு நிறுத்திவிட்டான். மனைவி வெனெரா கல்யாண உடுப்பு தைப்பதில் கைதேர்ந்தவள். கத்தானியா நகரத்தில் கடை போட அவள் ஆசைப்பட்டபோதும் அதே கதைதான். இன்றைக்கும் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்துதான் தைக்கிறாள். சிரினோ கெட்டவன் இல்லை. யார் மேல் பாசம் வைத்தாலும் அவர்களைப் பொத்தி வைக்கத்தான் அவனுக்குத் தோன்றும்.

இப்படிப்பட்டவனுக்கு மைத்துனனாக வாய்த்தவன் டெல்ஃபோ. வெனெராவின் அண்ணன், ஊர்ச் சதுக்கத்தில் காப்பிக் கடை வைத்திருப்பவன். அவன் சட்டைப் பொத்தானை முழுசாகப் போட்டு யாரும் பார்த்ததில்லை. கோடைக் காலையில் கிரனீத்தா என்கிற காப்பிப் பனிக்கூழில் பன்னைத் தோய்த்துத் தின்ன அவன் கடையில் கூட்டம் அள்ளும். அவனோ கல்லாவைத் திறந்துபோட்டுவிட்டு, வாசலில் நின்று கார்களைப் பற்றி வாய் கிழியப் பேசிக்கொண்டிருப்பான்.

இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கார் வாங்கினார்கள் என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். ஆனால் வாங்கினார்கள். பழைய ஃபியட் ஊனோ டர்போ, சிவப்பு நிறம். பாதி அவனுடையது, பாதி இவனுடையது. மே மாதம் வந்தால் எங்கள் ஊரிலிருந்து மேலே பைன் காடு வரைக்கும் மலையேற்றப் பந்தயம் நடக்கும். ஒவ்வொரு காராக விட்டு, நேரம் பார்ப்பார்கள். ஒரு வருடம் சிரினோ ஓட்டுவான், மறு வருடம் டெல்ஃபோ. இருபது வருடத்துக்கு மேலாக இந்த முறை மாறவில்லை. சண்டை எல்லாம் அந்தக் கார் எந்த வழியாக மூச்சு விடுவது என்பதில்தான்.

டர்போ என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. வெளியேறுகிற புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுழலும். அதே தண்டில் இருக்கிற இன்னொரு விசிறி வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். திணிக்கிற காற்று குளிர்ந்ததாக, தடையில்லாமல் வந்தால் வண்டி பறக்கும். பானட்டுக்கு அடியில் வெந்து கிடக்கிற காற்றைக் கொடுத்தால் திணறும். இதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அதற்கு மேல்தான் ஆளுக்கொரு கட்சி.

சிரினோவின் கட்சி, வண்டியோடு வந்த மூடிய பெட்டியே இருக்கட்டும் என்பது. உள்ளே நல்ல காகித வடிகட்டி. பம்பருக்கு அடியிலிருந்து பெட்டிக்கு ஒரு ரப்பர் குழாய். குளிர்ந்த காற்று வரும், மணல் வராது. டெல்ஃபோவுக்குப் பெட்டியும் வேண்டாம், வடிகட்டியும் வேண்டாம். வலது முகப்பு விளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஓர் அலுமினியப் புனல். இலை தழை போகாமல் ஒரு கம்பி வலை. அங்கிருந்து நேராக டர்போவின் வாய்க்கு ஒரே குழாய்.

"மாப்ள, பந்தயமே நாலு நிமிஷம். நாலு நிமிஷத்துக்கு எதுக்குடா மூக்குல துணி?" என்பான் டெல்ஃபோ.

"மச்சான், இது எட்னா. இந்த மண்ணு ரெண்டு மடக்கு உள்ள போனாப் போதும், விசிறிய அரிச்சுத் தின்னுடும். அந்த டர்போ இப்ப எங்கயும் கெடைக்காது, தெரியுமில்ல?"

"நீ பத்திரமா வச்சுக்கற வண்டி பந்தய வண்டி இல்லடா. சாமான்."

டெல்ஃபோவின் வருடங்களில் அந்தக் கார் பாடும் என்பதை ஊரே ஒப்புக்கொள்ளும். காலை அழுத்தினால் புனல் காற்றை உறிஞ்சுகிற சத்தம் கீழே சதுக்கம் வரை கேட்கும். வளைவில் காலை எடுத்தால் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. சிரினோவின் வருடங்களில் அதே கார் வாயைப் பொத்திக்கொண்டு ஓடும். இரண்டு பேர் நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. நாலு நிமிடத்துக்குள் மேலே போய்ச் சேர இருவராலும் முடிந்ததே இல்லை.

நான் சொல்லப்போகும் பந்தயம் போன வருடம் நடந்தது, டெல்ஃபோவின் முறை. சர்க்கரை நோய் அவன் கண்ணுக்கு ஏறியிருந்தது. பந்தயத்துக்குச் சான்று கொடுக்கும் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதோட சரி. அடுத்த தடவை உங்களுக்குப் போட மாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஆக, வாழ்க்கையில் ஒரு தடவையாவது நாலு நிமிடத்துக்குள் ஏறிவிட வேண்டும் என்பதற்கு அவனுக்கு அந்த ஒரு நாள்தான் மிச்சம்.

அந்த வருடப் புனலைச் செய்து கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சிரினோதான். முணுமுணுத்துக்கொண்டே செய்தான். கூரைத் தகரத்தை வளைக்கிற கை அல்லவா. காற்று கூர்மையான விளிம்பில் இடறும் என்று புனலின் உதட்டை வெளிப்பக்கமாக உருண்டையாகச் சுருட்டிக் கொடுத்தான். குழாயில் ஒரு சட்டென்ற மடக்கு இருந்ததை வெட்டி எறிந்துவிட்டு, நீளமாக, மெதுவாக வளையும்படி மாற்றினான். டெல்ஃபோ அந்தக் குழாய்க்குள் உள்ளங்கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "நீ எதிர்க்கட்சியில இருக்க வேண்டிய ஆளே இல்லடா" என்றான்.

பந்தயத்தன்று காலை, கூரை ஓடுகளில் யாரோ அரிசியை இறைப்பதுபோலச் சத்தம் கேட்டு சிரினோ எழுந்தான். தொட்டிக் குழாயை அடைத்தான். பிறகு சிறிது நேரம் படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே போய் வெனெராவின் அலமாரியைத் திறந்து, ஒரு நைலான் காலுறையை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

புறப்படும் இடத்தில் சாலையைப் பெருக்கித் தயாராக வைத்திருந்தார்கள். சாம்பல் விழுவது நின்றிருந்தது. பந்தயம் உண்டு, இரண்டு சுற்று உண்டு என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். விதிமுறை சொல்ல ஓட்டுநர்களை எல்லாம் கூப்பிட, டெல்ஃபோ போனான். சிரினோ அவசரமாகப் பானட்டைத் திறந்து, புனலைக் கழற்றி, குழாயின் வாயில் காலுறையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி, புனலை அதன்மேலேயே திரும்ப மாட்டினான். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். திருடுகிறவனும் இப்படித்தான் பார்ப்பானோ என்று நினைத்தான். நான் காப்பாற்றத்தானே செய்கிறேன் என்றும் நினைத்துக்கொண்டான்.

முதல் சுற்றின் நடுவில் சாம்பல் மறுபடி பொடியாக விழத் தொடங்கியது. டெல்ஃபோ நாலு நிமிடத்துக்கு மேல் இரண்டு நொடி எடுத்தான். அவன் வாழ்நாளிலேயே அதுதான் நல்ல நேரம். ஆனால் கீழே வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி இருக்கையில் வீசினான்.

"வண்டி மூச்சுத் திணறுதுடா! எவனோ கழுத்தப் புடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு. பாதி வழிக்கு மேல இழுக்கவே இல்ல."

பானட்டைத் திறந்து புனலை உருவினான். கறுத்து, கனத்து, பை போலத் தொங்கிய காலுறை வெளியே வந்தது. சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரிக்க ஆரம்பித்து, டெல்ஃபோவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். சாப்பாட்டுக் கூடையோடு நின்றிருந்த வெனெரா அருகில் வந்து பார்த்தாள்.

"இது என்னோடதுதானே?"

சிரினோ தலையைக் குனிந்துகொண்டான். பிறகு காலுறையைச் சுட்டிக் காட்டினான். "எவ்வளவு மண்ணு பாரு மச்சான். இத்தனையும் உள்ள போயிருக்கும்."

டெல்ஃபோ கத்துவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் கத்தவில்லை.

"போயிருக்கும். சரி. பாதி வண்டி ஒன்னோடது மாப்ள. துணியோடதான் போகணும்னா எங்கிட்ட சொல்லியிருக்கணும். சண்ட போட்டிருப்பேன், அப்பறம் கேட்டுக்கிட்டும் இருப்பேன். நான் அந்தப் பக்கம் திரும்பினதும் என் மூக்கப் பொத்திட்டியேடா."

கூடையை எடுத்துக்கொண்டு அவன் தள்ளிப் போய் உட்கார்ந்தான். இரண்டாவது சுற்றுக்கு இன்னும் நேரம் இருந்தது. வெனெரா கணவனுக்குப் பக்கத்திலேயே நின்றாள். திட்டுவாள் என்று அவன் நினைத்தான், திட்டியிருந்தால் தேவலை.

"எனக்கும் இதத்தான் பண்ணின, சிரினோ."

"என்னது?"

"கத்தானியாக் கடை. நஷ்டம் வரும், நஷ்டம் வரும்னு சொன்ன. வந்திருக்கும், யாரு கண்டா. ஆனா அது என் நஷ்டமா இருந்திருக்கும். இப்ப எங்கிட்ட அதுவும் இல்ல."

இத்தனை வருடத்தில் அவள் அதைச் சொன்னதில்லை. மறந்திருப்பாள் என்றே அவன் எண்ணியிருந்தான். கூரைக் குழாயில் கை விட்டதும் அடியில் இறுகிக் கிடக்கிற பழைய மணல் விரலில் தட்டுப்படுமே, அப்படி இருந்தது அவனுக்கு. அவள் பதிலுக்காக நிற்கவில்லை.

அவன் நெடுநேரம் காரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாம்பல் சிவப்புப் பெயின்டில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது. காலுறை இல்லாமல் போனால் டர்போ தாங்காது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அது போனால் வேறு கிடையாது. அடுத்த வருடம் ஓட்ட வேண்டியவன் அவன். தாராளமாக வேண்டாம் என்று சொல்லலாம். பாதிக் கார் அவனுடையது. யாரும் குறை சொல்ல முடியாது.

அவன் குழாயை உதறிச் சுத்தம் செய்தான். புனலை மட்டும் மாட்டி, திருகாணிகளை முடுக்கினான். டெல்ஃபோவைக் கூப்பிட்டு, முகத்துக்கு நேராகச் சொன்னான்.

"மச்சான், துணி கிடையாது. வடிகட்டி கிடையாது. வண்டி போயிடும்னு எனக்கு நல்லாத் தெரியும். நீ ஓட்டு."

டெல்ஃபோ அவனை ஒரு பார்வை பார்த்தான். வாயிலிருந்த அரன்சீனோ சோற்றுருண்டையை விழுங்கிவிட்டு ஹெல்மெட்டை எடுத்தான்.

பச்சை விளக்கு விழுந்ததும் கார் போன வேகத்தைவிட அந்தச் சத்தம்தான் ஆட்களை அசத்தியது. சிரினோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். உறிஞ்சல், கியர் மாற்றம், மறுபடி உறிஞ்சல். தேவாலய வளைவில் ஒரு பெருமூச்சு. திராட்சைத் தோட்டத்து நேர்சாலையில் குரல் ஏறிக்கொண்டே போனது, ஏறி ஏறி, இதற்கு மேல் இல்லை என்ற இடத்துக்கும் மேல். மலை முழுவதும் அந்த ஒரு சத்தம்தான் இருந்தது. காட்டுக்கு முந்தைய வளைவில் அதில் ஒரு கீச்சுச் சத்தம் கலந்தது. விசிறியை மணல் அரிக்கிறது என்று சிரினோவுக்குத் தெரிந்தது. குரல் நிற்கவில்லை. கீச்சிட்டுக்கொண்டே கடைசி வளைவையும் தாண்டியது.

நாலு நிமிடம் ஏழு நொடி. ஒலிபெருக்கி சொன்னதும் கூட்டம் உச்சுக் கொட்டியது. மேல் வளைவுகளில் சாம்பல் படிந்து சக்கரம் வழுக்கியிருந்தது. காலுறையோடு போனபோது இதைவிட வேகமாகத்தான் போயிருந்தான்.

இறங்குவதற்கு எஞ்சின் தேவையில்லை, அது ஒன்றுதான் மலைப் பந்தயத்தின் வசதி. கார் சத்தமில்லாமல் சரிந்து வந்து நின்றது. டெல்ஃபோ இறங்கினான். முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டியாடா மாப்ள? கேட்டியா?"

"கேட்டேன் மச்சான். கடைசி வளைவு வரைக்கும் கேட்டேன்."

"நேரம் கெடக்குது கழுத. மேல போனப்ப ஒரு எடத்துல, நான் ஓட்டல, அதுவே என்னத் தூக்கிட்டுப் போச்சு."

சிரினோ குழாயைக் கழற்றி, டர்போவின் வாய்க்குள் விரலை விட்டான். விசிறியின் இதழ்கள் ஓரமெல்லாம் தேய்ந்து மொண்ணையாகிக் கிடந்தன. தண்டு தொட்டதும் ஆடியது. டெல்ஃபோவும் விரலை விட்டுப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அடுத்த வருஷம் உன் மொறையாச்சேடா."

"ஆமா."

"இது போச்சுன்னா வேற இல்ல. துணி இல்லாமப் புனல மாட்டறப்பவே ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

டெல்ஃபோ சிரினோவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, நெற்றியில் முத்தம் வைத்தான். கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"எனக்கு உன்மேல பொறாமையா இருக்கு மச்சான்," என்றான் சிரினோ. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவனுக்கே தெரிந்தது. "இத்தன வருஷத்துல பாதித் தடவ நானும்தான் ஓட்டினேன். ஒரு தடவகூட என்ன அது தூக்கிட்டுப் போனதில்ல. நான் விட்டதே இல்ல." பிறகு மச்சானின் கையைப் பிடித்து, "சொல்லு. எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. மொத வளைவுலேருந்து சொல்லு" என்றான்.

இருவரும் சாலையோரக் கல் சுவரில் உட்கார்ந்தார்கள். வெனெராவும் வந்து அண்ணனுக்கு மறுபக்கம் உட்கார்ந்துகொண்டாள். டெல்ஃபோ கைகளை நீட்டி, இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான். முதல் கியர், இரண்டாவது கியர், தேவாலய வளைவு. திராட்சைத் தோட்டம் வந்தபோது சிரினோவின் வலது கால் தரையை முழுசாக அழுத்திக்கொண்டிருந்தது.