உரிமையாளர் நீங்கள் அல்ல

கார்த்திகைக் காற்று படுவான்கரையில் அக்காவின் வீட்டுக் கூரையை அள்ளிக்கொண்டுபோய் வாவியில் போட்டது. கூரைக்குப் பதில் படங்கைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். குழந்தைக்கு நெஞ்சுச் சளி. நிவாரண நிறுவனம் ஒன்று கூரைத் தகரம் தருகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் இணையத்தில் கேளுங்கள் என்றது. அந்தத் தளத்தைச் செய்தது நகரத்தில் நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பனிதான்.

மச்சான், அக்காவின் புருசன், வாவியில் மீன்பிடிப்பவர். தன் போனில் தானே விண்ணப்பத்தைப் போட்டார். அழுத்திய கையோடு சிவப்பில் வந்தது: 'உரிமையாளர் நீங்கள் அல்ல.' மூடித் திறந்து மறுபடியும் போட்டார். அதே சிவப்பு.

"மெசினுக்கே விளங்கிரிச்சி, இவருக்குத்தான் இன்னும் விளங்கல்ல" என்றாள் எங்கள் அம்மா, அவர் காதுபட.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. சீதனமாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து சேருவார். விண்ணப்பிப்பதோ போன் வைத்திருக்கும் ஆண்கள். ஊர் முழுக்க இதே கூத்துத்தான்.

என்ன நடந்தது என்று மச்சானுக்கு விளக்கினேன். போனிலிருந்து போகும் கோரிக்கையை, எந்த இணையப் பக்கம் கேட்கப்படுகிறது என்று பார்த்து சேவையகம் முதலில் வழி பிரிக்கும். அடுத்து மிடில்வெயார் என்கிற சோதனைகள். அதைத் தாண்டினால்தான் கன்ட்ரோலர் என்கிற பகுதி கோரிக்கையைக் கையில் எடுத்து, தரவுத்தளத்தில் எழுதவேண்டியதை எழுதி, எடுக்கவேண்டியதை எடுத்து, அச்சில் வார்ப்பதுபோல ஒரு பக்கமாக்கித் திருப்பி அனுப்பும். வீட்டு உறுதிப் பத்திரத்தில் இருக்கும் பெயர் வேறு என்றால் சோதனையிலேயே மறுப்பு. நீங்கள் வந்ததே உள்ளே ஒருவருக்கும் தெரியாது.

"நாய விரட்டுற மாதிரியா?" என்று கேட்டார்.

அந்தச் சோதனையை எடுக்க ஒரு வரியை அழித்தால் போதும். முதலாளி விடவில்லை.

"கள்ளம் செய்வானுகள். வீட்டுக்காரர்தான் கேக்கணும்."

"சேர், உங்கட வீடு ஆர்ர பேரில இரிக்கி?"

"மனிசிட பேரில. நான் என்ன தகரம் கேட்டா நிக்கிறன்? போய் வேலயப் பாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சானிடம் வந்து, அக்காவின் பேரில் போடுவோம் என்றேன்.

"அப்ப நான் ஆரு தம்பி? இந்தச் சுவருக்குக் கல்லுச் சுமந்தவன் நான்" என்றார். மாட்டேன் என்றால் மாட்டேன்தான். உள்ளே குழந்தை இருமிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் தோணியில் போனதும் அக்கா என் போனை வாங்கித் தன் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டாள். எல்லாச் சோதனையும் தாண்டிப் பச்சையில் பக்கம் வந்தது: 'வாழ்த்துகள், வீட்டு உரிமையாளரே.' கீழே, தங்கிவாழ்வோர் என்ற தலைப்பில், குழந்தையின் பெயருக்கு மேலே மச்சானின் பெயர்.

தகரம் லொறியில் வந்தது. "வீட்டுக்காரர் ஆரு?" என்று சாரதி கேட்க, மச்சான் முன்னால் போனார்.

"இதில பொம்புளப் பேர்தான் கிடக்கு. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பெற்றவள் என்றும் பாராமல் அவள் வாயைப் பொத்தியிருக்க வேண்டும் நான்.

மச்சான் கூரையில் ஏறித் தகரம் முழுவதையும் தானே அடித்தார். இறங்கி, குழந்தையின் காலில் குத்தாமல் இருக்க, வளைந்த ஆணிகளைப் பொறுக்கினார். கை கழுவினார். பையை எடுத்தார். "கல்குடாவுக்குப் போறன்" என்றார். அக்கா குழந்தையோடு படலை வரைக்கும் ஓடினாள்.

மழை விடாமல் பெய்கிறது. அக்கா வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, குழந்தைக்கும் சளி இறங்கிவிட்டது. மச்சான் கல்குடாவில் தாய் வீட்டு விறாந்தையில் படுக்கிறார். அந்த வீட்டை அவருடைய தங்கச்சியின் கலியாணத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. தங்கச்சியின் புருசன், அவனும் பையோடு வந்தவன்தான், நேற்றுக் கேட்டானாம்: "எப்ப மச்சான் உங்கட வீட்ட போறீங்க?"