கறுப்பு மையில் ஒரு வாழ்த்துப் போஸ்டர்

1. ஆள் பிடிக்கிற வேலை

கல்லூரியில் கூடைப்பந்துக் கோச் என்றால் காலையும் மாலையும் விசில் ஊதுகிற வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். முதல் வருடமே தெரிந்துவிட்டது, ஜூன் மாதத்தில் அது ஆள் பிடிக்கிற வேலை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து அட்மிஷன் முடிகிற வரை ஓர் இடத்தில் உட்கார முடியாது. எந்த ஊரில் எந்தப் பையன் ஆறடிக்கு மேல் வளர்ந்திருக்கிறான், அவனை எந்தக் கல்லூரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று பஸ் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாகக் கோச்சாக வருகிறவர்கள், இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை என்று குறைப்படுகிறார்கள். நான் சொல்கிறேன். நான் செய்ததிலேயே மோசமானதைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் நடந்தது. விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரி. எனக்கு அங்கே மூன்றாவது வருடம், இன்னும் டெம்பரரி. மே மாதக் கடைசியில் பிரின்ஸ்பல் கூப்பிட்டார்.

"தம்பி, போன வருஷமும் செமி ஃபைனலோட வந்துட்டீங்க. இந்தத் தடவை ஒரு நல்ல சென்டர் ப்ளேயரைக் கொண்டாந்துருங்க. உங்க பெர்மனென்ட் விஷயத்தை நான் நிர்வாகத்துல பேசுறேன்."

அந்தச் சென்டர் யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பால்பாண்டி. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பையன். ஆறடி மூன்று அங்குலம். ரிங்குக்குக் கீழே அவன் நின்றுவிட்டால் எதிர் டீம் ரீபவுண்டை மறந்துவிட வேண்டியதுதான். ஆனால் சென்னையில் ஒரு பெரிய கல்லூரி அவனை டிரயலில் பார்த்துவிட்டது. ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம் என்று கடிதமே கொடுத்துவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். எனக்குத் தகவல் தெரிந்தது அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை.

2. அப்பாவும் அம்மாவும்

புதன்கிழமை சாயங்காலம் அவன் வீட்டில் இருந்தேன். அப்பா சண்முகவேல் பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கிற மருந்து ரூமில் வேலை பார்ப்பவர். குளித்துவிட்டு வந்திருந்தார். அப்படியும் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் மினுமினுத்தது. அம்மா செல்லத்தாய் அதே கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். இரண்டு பேரும் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிவர ஆள் அனுப்பினார்கள்.

"சார், எம்புட்டுத் தூரம் அலைஞ்சு வந்திருக்கீக, தப்பா நெனைக்காதீக" என்றார் சண்முகவேல். "எங்க ரெண்டு பேருக்கும் இதுதான் பொழப்புன்னு ஆயிப்போச்சு. இவன் இந்த மருந்துப் பக்கமே வரக்கூடாது. மெட்ராஸ் காலேஜுல விளையாடுற பயலுகள வருஷா வருஷம் ரயில்வேல எடுக்காகளாமே. உங்க காலேஜுல எடுத்திருக்காகளா?"

எங்கள் கல்லூரியிலிருந்து அதுவரை ஒருவனையும் எடுத்ததில்லை. "இனிமே முயற்சி பண்ணலாம்ணே" என்றேன். அந்தப் பதிலின் லட்சணம் அவருக்கும் புரிந்தது.

செல்லத்தாய் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "எனக்கு மனசு கெடந்து அடிக்கத்தான் சார் செய்யுது. மூணு வருஷம் பிள்ளையைப் பாக்காம இருக்கணும். ஆனாலும் போகட்டும்."

பால்பாண்டி நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து நின்றுகொண்டிருந்தான். அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

3. ரசிகர்கள்

இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, வியாழக்கிழமை சிவகாசிக்குப் போனேன். அங்கே அவன் விளையாடுகிற கிளப் கோர்ட்டைச் சுற்றித் தினமும் சாயங்காலம் கூட்டம் நிற்கும். பாதிப்பேர் அச்சகத் தொழிலாளிகள். ஷிப்ட் முடிந்து மை படிந்த கையோடு வந்து கத்துவார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் மாடசாமி, ஆஃப்செட் மெஷின்மேன். பால்பாண்டி போட்டிருந்த ஷூ அவர்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கித் தந்தது. அதனால் பையனே தங்களுக்குச் சொந்தம் என்று நினைப்பு.

"ஏலே பாண்டி, நீ மெட்ராஸ் போயிட்டா நாங்க இங்கன வந்து போஸ்ட் கம்பத்தையாலே பாக்கணும்?" என்று ஒருவர் கத்தினார். அவன் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் லே-அப் போட்டான்.

நான் மாடசாமியைத் தனியே அழைத்துப் போனேன். யோசனை என்னுடையது, அவருடையது அல்ல. எங்கள் கல்லூரியில் சேர்ந்ததற்கு வாழ்த்து என்று அவன் ஊரைச் சுற்றிப் போஸ்டர் ஒட்டிவிட்டால், அப்புறம் சென்னைக்குப் போக அவர்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். ஊர் கேட்கும், சொந்தக்காரர்கள் கேட்பார்கள்.

"அது நம்ம கையில இருக்கு சார்" என்றார் மாடசாமி. காது குத்துக்கும் பத்தாம் வகுப்பு மார்க்குக்கும் போஸ்டர் அடிக்கிற ஊர். இது ஒரு விஷயமா?

மறுநாள் மத்தியானம் ப்ரூஃப் காட்டினார். நாலு கலர் மெஷினில் பட்டாசுப் பெட்டி லேபிள் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. கும்பிட்டாலும் நிறுத்த மாட்டார்கள். சும்மா இருந்த ஒற்றைக் கலர் மெஷினில் கறுப்பு மையில்தான் அடிக்க முடியும் என்றார். நடுவில் பால்பாண்டியின் பாஸ்போர்ட் போட்டோ, பெரிதாக. சுற்றிலும் தடித்த பார்டர். மேலே "எங்கள் நெஞ்சம் நிறைந்த வாழ்த்துகள்." கீழே "நண்பர்கள், சிவகாசி." கல்லூரி பெயர் சின்ன எழுத்தில் இருந்தது. கல்லூரி பெயரைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னேன். இடமில்லை என்றார். சரி என்றேன். வேறெதையும் நான் கவனிக்கவில்லை.

4. வேன் நின்ற இடம்

சனிக்கிழமை விடிவதற்குள் ஒட்டிவிடுவதாகச் சொன்னவர்கள், பசை காய்ச்சி வந்து ஒட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க, அவன் ஊர் பஸ் நிறுத்தத்தில், போஸ்டர் ஒட்டிய சுவருக்கு எதிரே டீக்கடையில் போய் நின்றேன். மூன்றாவது டீ.

கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிட வரிசையாக வந்தன. இரண்டாவது வேன் டீக்கடையைத் தாண்டிப் போயிருக்கும், உள்ளிருந்து ஒரு சத்தம். நான் அதுவரை கேட்டிராத சத்தம். வேன் முழுசாக நிற்கும் முன்பே செல்லத்தாய் குதித்து ஓடிவந்தார். செருப்பு ஒன்று ரோட்டில் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டாசு விபத்து நடந்தால் அந்தப் பக்கத்துச் சுவர்களில் இப்படித்தான் முகங்கள் வரும். கறுப்பு மை, தடித்த கட்டம், நடுவில் பாஸ்போர்ட் போட்டோ, கீழே நண்பர்கள். செல்லத்தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகனை விட்டுவிட்டுக் காலையில் வேலைக்குப் போன தாய், திரும்பி வருகிற வழியில் அவன் முகத்தைக் கண்ணீர் அஞ்சலிச் சுவரில் பார்க்கிறாள்.

அவர் போஸ்டரை நகத்தால் பிறாண்டிக் கிழித்துக்கொண்டிருந்தார். பசை காயாததால் நீள நீளமாக உரிந்து வந்தது. நான் கிளாஸைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் கையில் பிடித்தபடியே ஓடினேன்.

"அம்மா, பையன் நல்லா இருக்கான்மா. சிவகாசியில விளையாடிக்கிட்டு இருக்கான். இது காலேஜுல சேர்ந்ததுக்கு வாழ்த்துப் போஸ்டர்."

மூன்று தடவை சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"வாழ்த்தா? அப்பன்னா ஏன் சார் கறுப்புல போட்டீக? எங்க ஊருல இப்படி யாருக்கு ஒட்டுவாகன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். மாடசாமிக்கும் தெரியும். வருடம் முழுக்க வாழ்த்து, அஞ்சலி இரண்டையும் அடிக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். அவனைச் சேர்க்க வேண்டிய அவசரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அது கண்ணில் படவில்லை.

பால்பாண்டி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்வரை அவர் அந்த நிறுத்தத்தை விட்டு நகரவில்லை. வந்ததும் அவன் முகத்தை, கையை, முதுகைத் தடவித் தடவிப் பார்த்தார். ஊரே பார்க்க அவ்வளவு பெரிய பையன் குழந்தை மாதிரி நின்றான். எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

5. ஃபாரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் பையில் அட்மிஷன் ஃபாரமும் இருந்தது. அதை ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

சண்முகவேல்தான் பேசினார். "நான் மெட்ராஸ்னுதான் சார் இருந்தேன். இவ நேத்திலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல. பிள்ளை கண்ணு முன்னாடி இல்லன்னா செத்துருவேங்கா. உங்க காலேஜுன்னா ஒரே பஸ்ஸுல சாயங்காலம் வீடு வந்துருவான். நீங்களே சேத்துக்கிடுங்க."

செல்லத்தாய் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நகங்களில் கறுப்பு மை அப்படியே இருந்தது.

அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். பயந்துபோய் எடுத்த முடிவு இது, ஒரு வாரம் போனால் மாறிவிடும், சென்னைக்கு அனுப்புங்கள் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கூடவே பிரின்ஸ்பல் முகமும் தோன்றியது. ஃபாரத்தை எடுத்து நீட்டினேன்.

பால்பாண்டி படிக்காமலே கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பித் தரும்போது, "மெட்ராஸ்ல மரத் தளம் போட்ட இண்டோர் கோர்ட்டு சார். டிரயலுக்குப் போனப்ப விளையாடினேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

6. அதற்குப் பிறகு

அந்த வருடமே கப் அடித்தோம். அடுத்த வருடமும் அடித்தோம். நான் பெர்மனென்ட் ஆனேன். மாடசாமி கும்பல் ஒரு மேட்ச் விடாமல் வந்து கத்தியது. மூன்று வருடமும் பால்பாண்டி எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆள் பிடிக்கப் போகும்போதெல்லாம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அப்பா அம்மாவையும் ரசிகர்களையும் விட்டுவிட்டுப் பையனைத் தனியே கூட்டிப்போய், "உனக்கு எங்கே போகணும்?" என்று கேட்பேன். எங்கள் கல்லூரியில் என்ன கிடைக்காது என்பதை முதலில் சொல்லிவிடுவேன். இதனால் நல்ல ப்ளேயர்கள் சிலரை இழந்திருக்கிறேன். நிர்வாகத்திடம் பேச்சும் வாங்கியிருக்கிறேன். புதியவர்களும் இப்படிச் செய்யுங்கள், பேச்சு வாங்கினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பால்பாண்டி படிப்பு முடிந்து சில வருடம் கழித்துச் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் யாரோ என் கையைப் பிடித்தார்கள். செல்லத்தாய். முகம் நிறையச் சிரிப்பு.

"சார், நல்லா இருக்கீகளா? பிள்ளைக உசரமா வளந்துட்டாகளா?" என்று என் வீட்டையெல்லாம் விசாரித்தார். நான் பால்பாண்டியைக் கேட்டேன்.

"ரயில்வேக்கு ரெண்டு தடவை எழுதிப் போட்டான் சார், கூப்பிடல. இப்ப எங்க கம்பெனியிலதான் இருக்கான். அவுக அப்பாவுக்கு மூச்சு எளைப்பு வந்துருச்சுல்ல, அவுக இருந்த மருந்து ரூமுலேயே இவனைப் போட்டுட்டாக."

அவர் என் கையை விடாமல் சொன்னார்:

"மெட்ராஸுக்குப் போயிருந்தா எங்கன இருக்கானோ, என்னமோ. இப்பக் கண்ணு முன்னாடியே இருக்கான். எல்லாம் உங்க புண்ணியம் சார்."