மாதா விளக்கின் ஒயர்

சனிக்கிழமை காலைப் பூசை முடிந்து செருப்பை மாட்டும்போது பக்கத்து வீட்டம்மா ஓடிவந்தார். "உங்க வீட்டுக்காரரோட அண்ணன் தவறிட்டாராம்."

"படுக்கையிலயா?" என்றுதான் கேட்டேன். சூசை அத்தான் படுத்திருந்து போனார் என்பதை இன்னும் மனம் ஏற்கவில்லை.

இதை வாசிக்கும் நம் ஊர்க்காரர்களில் அவருடைய பழைய வெள்ளைக் காரில் ஏறாதவர்கள் குறைவு. நிலைகொள்ளாத மனிதர். பிரசங்கம் நீண்டால் எழுந்து வெளியே போய்விடுவார். "சாமி முடிக்கிறதுக்குள்ள நான் வத்தலக்குண்டு போய்ட்டு வந்துருவேன்" என்பார்.

தொண்ணூறுகளில் ஒரு மாலை. சேவுகம்பட்டியில் என் மகளுக்கு முன்கூட்டியே வலி கண்டுவிட்டது, வண்டி கிடைக்கவில்லை என்று போன் வந்தது. அத்தானும் நானும் கிளம்பினோம். பாதி வழியில் பொழுது சாய்ந்தது. முகப்பு விளக்கைப் போட்டதும் பளிச்சென்று எரிந்து அணைந்தது.

"ரெண்டு பல்பும் ஒண்ணாப் போகாதும்மா" என்று இறங்கினார். ஃப்யூஸ் எரிந்திருந்தது. புதியதும் போட்டவுடன் போனது. பல்புகளின் இணைப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு ஃப்யூஸ் போட்டார். அதுவும் போயிற்று. டப்பாவில் மீதி ஒன்றுதான்.

"பல்புல இல்ல. உள்ள எங்கயோ ஒயர் பாடியில உரசுது."

டேஷ்போர்டுக்கு அடியில் தடவிய கை ஓர் ஒயரில் சுட்டுக்கொண்டது. சாமியாரைக் கொண்டு காரை மந்திரித்த அன்று சின்ன மாதா சுரூபத்தை டேஷ்போர்டில் நிறுத்தி, முகப்பு விளக்கோடு சேர்ந்து அவளுக்கும் நீல பல்பு எரியட்டும் என்று அதே லைனிலிருந்து அவரே இழுத்த ஒயர் அது.

அதை அறுக்க கட்டிங் பிளேயரைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான்தான் ரோட்டில் இங்குமங்கும் நடந்தேன்.

"புள்ள வலியில கெடக்கு. இந்நேரம் மாதா விளக்கையா அறுக்கறது?"

"அறுங்க அத்தான். மாதா இருட்டுலயும் இருப்பாங்க. எம் மகளால ஏலாது."

"பேச்சப் பாரு, சாமியார் தோத்தாரு!" முனகிக்கொண்டே அறுத்தார். நுனியில் டேப் சுற்றி, பல்புகளை இணைத்து, கடைசி ஃப்யூஸை மாட்டினார். ரோடு தெரிந்தது.

மகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டதும் பேத்தி பிறந்துவிட்டாள். இன்னும் செத்த நேரம் பிந்தியிருந்தால் தாயும் பிள்ளையும் தங்கியிருக்க மாட்டார்கள் என்றார் டாக்டரம்மா.

மறுவாரம் பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி ஃப்யூஸ் போட்டு மாதா விளக்கை எரியவிட்டார். "இனி அவுங்க லைன் வேற, நம்ம லைன் வேற" என்று சிரித்தார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவருடைய வேகத்தைத்தான் பேசினார்கள். என்னாலும் உட்கார முடியவில்லை. நாற்காலிகளை இழுத்துப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று அவர் தயங்கியபோது என் நெஞ்சு கொதித்தது. இன்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, ஓயாமல் ஓடிய அந்த மனிதர் ஒரேயொரு முறை அசையாமல் நின்ற அந்த நிமிடத்தைத்தான்.