கரடியின் குட்டிகள்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு அவர் முகத்தைவிடக் குரல்தான் நன்றாகத் தெரியும். "பயப்படாதீங்க, வந்துட்டேன். கதவை மட்டும் தள்ளாதீங்க" என்று மேலேயிருந்து ஒரு கனத்த குரல் இறங்கி வரும். உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அதைக் கேட்டதும் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை; எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது துருவினால், "நாள் பூரா ஏறி இறங்கிட்டே இருக்கறவனை எந்தப் பொண்ணு தேடிப் பிடிப்பா?" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

அப்படி ஒண்டிக்கட்டையாக இருந்தவர், தலை நரைக்கத் தொடங்கிய வயதில் ஒரு நாய்க்குட்டி வாங்கினார். மாலமியூட் ஜாதி. பனியில் பாரவண்டி இழுப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம். கொண்டுவந்தபோது இரண்டு கைக்குள் அடங்கிய குட்டி, ஒரு வருஷத்துக்குள் சோபாவில் அவருக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. சாம்பலும் வெள்ளையுமாக முதுகில் அடர்ந்த ரோமம், சுருண்டு முதுகின்மேல் படுத்துக்கொள்ளும் வால், மனுஷனைப் போல நிதானமாகப் பார்க்கும் பழுப்புக் கண்கள். குரைக்காது. பேச வேண்டியிருந்தால் தலையைத் தூக்கி "ஊ... ஊவூ..." என்று நீட்டி முழக்கும். கரடி என்று பெயர் வைத்தார். எதிர்வீட்டுக்காரர், "நாய்தான் உங்களை வளர்க்குது போல இருக்கே" என்று கிண்டல் செய்வார். விடுமுறை நாட்களில் கரடியின் தோளில் வாரைப் பூட்டி, பின்னால் ஒரு பழைய டயரைக் கட்டி, மைதானத்தைச் சுற்றி இழுக்க விடுவார். அந்த நேரத்தில் கரடியின் முகத்தில் தெரியும் சந்தோஷம் வேறு எதற்கும் வராது.

கரடியை நாய்க் கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம் என்று ஆசைப்பட்டது அவருடைய அக்கா. இரண்டு தெரு தள்ளி இருந்தாள். ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதியும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் எரிச்சலையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலை. பிள்ளைகள் பெரியவர்களாகி வெளியூர் போய்விட்டார்கள். கணவர் வாயைத் திறந்தால் குறை சொல்லத்தான் திறப்பார்.

முதல் கண்காட்சியில் லிஃப்ட்காரர்தான் கயிற்றைப் பிடித்தார். கரடி அவர் காலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. எழுந்து நிற்க வைத்தால் அவர் முகத்தை நக்கியது. நடுவர் சிரித்துவிட்டு அடுத்த நாயிடம் போனார். மறுமுறை அக்கா பிடித்தாள். அவளுக்கு ஒழுங்காகத்தான் நின்றது, கூட்டத்தில் தம்பி நிற்பதைப் பார்க்கும்வரை. பார்த்ததும் கயிற்றோடு அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வேலியைத் தாண்டப் பார்த்தது. அன்றே முடிவாகிவிட்டது. போட்டி நடக்கும்போது லிஃப்ட்காரர் கண்ணிலேயே படக்கூடாது. காற்றில் அவர் வாசம் வரும் திசையிலும் நிற்கக்கூடாது.

அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். முந்தின நாள் குளிப்பாட்டி, அடிரோமம்வரை காயவைத்து, சிக்கெடுத்து, நகம் தேய்த்து, பாதத்து முடியைச் சரிசெய்வது அவர் பாடு. அரங்கத்துக்குள் கொண்டுபோவது அக்கா பாடு. அவர் வேனுக்குள்ளோ கித்தான் மறைப்புக்குப் பின்னாலோ உட்கார்ந்து, கைதட்டலை வைத்து என்ன நடக்கிறது என்று கணக்குப் போடுவார். ஒரு வெற்றியைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. அதில் அவருக்குப் பெரிய வருத்தமும் இல்லை. சாம்பியன் பட்டம் கிடைத்த அன்று அக்கா கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்கடா. எனக்கு!" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "அதாவது, நம்ம கரடிக்கு" என்றாள். தம்பி அதைக் கேட்காதவர் மாதிரி குனிந்து கரடியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

பட்டம் வந்ததும் ஜோடி சேர்க்கக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். நல்ல வளர்ப்பாளர்கள்தானா என்று விசாரித்து லிஃப்ட்காரர் சம்மதித்தார். மூன்று இடங்களில் குட்டிகள் பிறந்தன. அக்கா அவற்றின் படங்களையெல்லாம் தன் மேசைக் கண்ணாடிக்கடியில் செருகி வைத்துக்கொண்டாள்.

அந்தக் குட்டிகளில் ஒன்றை வாங்கிய பஸ் டிரைவர் ஒருநாள் மாலை அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் குட்டி. நல்ல மனுஷன், சண்டை போட வரவில்லை.

"சார், தப்பா நினைக்காதீங்க. இவன் பகல்ல சுவத்துல முட்டிக்கறான். வாசப்படி தெரியாம விழறான். ஆனா பொழுது சாய்ஞ்சதும் பந்தைத் துரத்தி ஓடறான். எங்க வீட்ல நான் கதை விடறேன்னு சொல்றாங்க."

லிஃப்ட்காரர் எல்லா விளக்கையும் போட்டார். வெளிச்சம் கண்ணில் பட்டதும் குட்டி அடியெடுத்து வைக்கவே பயந்து, தரையை முகர்ந்து முகர்ந்து நகர்ந்தது. விளக்கை அணைத்தார். அரை இருட்டில் அது நேராக ஓடிவந்து, கரடியின் வாலைக் கடித்து இழுத்தது.

மறுநாள் அவரும் டிரைவரும் இரண்டு நாய்களையும் கூட்டிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார்கள். குட்டியின் கண்ணைப் பரிசோதித்த மருத்துவர், பெரிய நாயின் ரத்தத்தையும் எடுத்து அனுப்பினார். முடிவு வந்தபோது சுற்றி வளைக்காமல் சொன்னார். "பரம்பரை நோய். வெளிச்சத்துல பார்வை இருக்காது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனா குணமாகவும் குணமாகாது. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இந்தக் கோளாறு ஒளிஞ்சிருந்தாத்தான் குட்டிக்கு வரும். உங்க நாய்க்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு. ஆனா கோளாறு ரத்தத்துல இருக்கு."

பஸ் டிரைவருக்கு விடிவதற்கு முன்பே வேலைக்குப் போக வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கோ பயம். "நானே வச்சுக்கறேன்" என்று லிஃப்ட்காரர் கையை நீட்டினார். டிரைவர் குட்டியைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விஷயத்தைக் கேட்டு அக்காவின் முகம் வெளுத்துப்போனது. பெரிய கண்காட்சிக்கு ஒரு மாதம்கூட இல்லை.

"இனிமே குட்டிக்கு விடவேண்டாம். சரி. ஊரைக் கூட்டிச் சொல்லணுமா?"

"குட்டி வாங்கினவங்களுக்குச் சொல்லிட்டேன்க்கா. இனி காட்டவும் வேண்டாம்னு தோணுது."

"காட்டறதுல என்னடா வந்துச்சு? அவன் நிக்கற அழகு பொய்யா?"

"நாயை எதுக்குக் காட்டறோம்? இதே மாதிரி ஒண்ணு வேணும்னு நாலு பேர் கேக்கத்தானே?"

அக்கா பாத்திரத்தைக் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டாள். குழாய்த் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பிறகு முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "நீ குரல் கொடுத்தா நன்றி சொல்ல நூறு பேர் இருக்காங்க. என் மூஞ்சியைப் பார்த்து யாராவது சிரிச்சாங்கன்னா, அது அங்க மட்டும்தாண்டா."

இத்தனை வருஷத்தில் இது தனக்கு உறைக்கவில்லையே என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொண்டார். "இந்த ஒரு தடவை போய்ட்டு வா" என்றார். "வந்து கேக்கறவங்ககிட்ட மட்டும் மறைக்காதே. என்னால அங்க நின்னு சொல்ல முடியாது."

"பார்க்கலாம்" என்றாள். அதற்குமேல் பிடி கொடுக்கவில்லை.

அந்தக் கண்காட்சியில் கரடி நின்ற மாதிரி அதற்கு முன்னால் நின்றதில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். லிஃப்ட்காரர் கித்தானுக்குப் பின்னால், மடக்கு நாற்காலியில், கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டம் முடிந்தது. சத்தம் அடங்கியது. பிறகு கைதட்டல் அலை மாதிரி எழுந்தது. இனத்தில் முதலிடம். எப்போதும் சிரிக்கும் அவர் முகம் அன்று இறுகியே இருந்தது.

கித்தானுக்கு அந்தப் பக்கம் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெண்மணியின் குரல் கேட்டது. "என்கிட்ட ரெண்டு வயசுல பெண் நாய் இருக்கு. உங்க நாயோட சேர்க்கலாமா? எப்ப வரட்டும்?"

லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் நோயை மறைத்து ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தாலும் தான் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"சேர்க்காதீங்க" என்றாள் அக்கா. குரல் உடைய, செருமிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடுகிற கணீர்க் குரலில் சொன்னாள். "இவன் ரத்தத்துல பரம்பரைக் கண் நோய் இருக்கு. இவனோட குட்டி ஒண்ணுக்குப் பகல்ல கண் தெரியாது. எங்க வீட்லதான் இருக்கு. உங்க நாய்க்கும் ரத்தம் பார்த்துடுங்க. எல்லாருமே பார்த்துடுங்க."

சலசலப்பு எழுந்தது. யாரோ, "அப்புறம் எதுக்கு இங்க கொண்டுவந்தீங்க?" என்று கடுமையாகக் கேட்டார். "ஆசைதான்" என்றாள். "இதுதான் கடைசி."

வேனுக்கு வந்தவள் கோப்பையை இருக்கைமேல் வைத்துவிட்டு, கரடியின் ரோமத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தம்பி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினார்.

பேச்சு வாங்கத்தான் வாங்கினார்கள். ஜோடிக்குக் கொடுத்த வளர்ப்பாளர்களில் ஒருவர், தன் பெயரைக் கெடுத்துவிட்டதாகப் போனில் கத்தினார். இன்னொருவர் சத்தமில்லாமல் தன் நாய்களுக்கெல்லாம் ரத்தம் பார்த்து, இரண்டை ஒதுக்கினார். பகலில் பார்வையில்லாத இன்னொரு குட்டி பற்றித் தகவல் வந்தபோது, விசாரிக்க அக்காவே கிளம்பிப் போனாள்.

கரடி அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தது. டயர் இழுத்தது. கடைசி வருஷம் டயர் இல்லாமல் மைதானத்தைச் சுற்றியது. ஒரு மத்தியானம் சோபாவுக்கடியில் தலையை வைத்துப் படுத்தது எழுந்திருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரரும் ஒரு கை பிடித்ததால்தான் தூக்க முடிந்தது. அன்று அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

பகலில் கண் தெரியாத குட்டி இப்போது அப்பனைப் போலவே வளர்ந்துவிட்டது. லிஃப்ட்காரர் வேலைக்குப் போகும் நேரத்தில் அது திரை போட்ட அறையில் தூங்கும். ஆஸ்பத்திரி வேலை முடிந்து மாலையில் அக்கா வருவாள். வெயில் இறங்கும்வரை காத்திருந்து வாரைப் பூட்டுவாள். அது அவளை இழுத்துக்கொண்டு போகும். அவளும் மூச்சு வாங்க, "மெதுவாடா, மெதுவா" என்று திட்டிக்கொண்டே பின்னால் ஓடுவாள்.