பந்திக்காரர் போட்ட பத்தியம்

வடபழனிக் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் ஆட்களுக்கு என் கணவர்தான் தலைவர். சாப்பிடுகிறவர் இலையை மூடும்வரை விடமாட்டார். மூடிவிட்டால் அப்புறம் கிட்டேயே போகமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் கட்டின பெண்டாட்டியைப் பட்டினி போட்டார் என்றால் யார் நம்புவார்கள்?

எனக்கு மார்பில் கட்டி. புற்றுநோய்தான். செல்லின் மேல் ‘வளரு’ என்று உள்ளே சேதி அனுப்பும் ஏற்பிகள் உண்டாம். என் கட்டியில் அவை அளவுக்கு மீறி மண்டிக் கிடப்பதால்தான் இந்த வேகம் என்று அடையாறு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கினார். அந்தச் சேதியை மறிக்க ஒரு மருந்து, கூடவே கீமோ. கட்டி சுருங்கிய பிறகு ஆபரேஷன்.

இவருக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: சத்து உள்ளே போனால் கட்டி வளரும். மறுநாளே வீட்டில் பால், முட்டை, நெய் எல்லாம் நின்றது. வெறும் கஞ்சி.

“இன்னாய்யா இது?”

“அதுக்குத் தீனி போடக் கூடாதும்மா.”

எரிச்சலில் தட்டைத் தள்ளிவிட்டேன். ஆனால் இவரும் அதே கஞ்சியைத்தான் குடித்தார். மண்டபத்தில்கூட வாயில் ஒன்றும் வைப்பதில்லை என்று கூட வேலை செய்கிறவர் சொன்னதும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

அடுத்த தடவை எடையைப் பார்த்த டாக்டரம்மா முகம் சுளித்தார். “இப்படி இளைச்சா மருந்தைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். வீட்ல சாப்பாடு போடறாங்களா இல்லையா?”

நான் வாய் திறப்பதற்குள் இவரே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

“கட்டியை அடக்க மருந்து இருக்குங்க. நீங்க இவங்களுக்குச் சோறு போடுங்க.”

திட்டு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இவர் நின்ற நிற்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கே முட்டைக் குழம்பு வந்தது. மருந்தும் தடைபடாமல் ஏறியது.

ஆபரேஷன் முடிந்து, எடுத்த சதையின் ரிப்போர்ட் வரும்வரை இருவருமே சரியாகத் தூங்கவில்லை. “புற்று செல் ஒண்ணுகூட மிச்சமில்லை” என்றார் டாக்டரம்மா. ஊசி இன்னும் சில மாதம் உண்டு, இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் தலைவாழை இலை போட்டு, சம்பந்தி வீட்டாருக்குப் பரிமாறுவதுபோல் எனக்குப் பரிமாறினார். பருப்பில் நெய் மிதந்தது. வயிறு நிரம்பி, இலையை மூடினேன்.

மூடிய இலையைத் தொடாத அந்த மனுஷன், குனிந்து, அதைத் தன் கையாலேயே விரித்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

“இன்னும் பாயசம் கீதும்மா.”