படுகளத்தில் புல்

நைனார்பாளையத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில், திரௌபதி அம்மன் கோயில் முன்னால் நிற்கிறேன். பாரதப் போர் நடந்த ஆண்டு எது என்று ரயிலில் நண்பரோடு சண்டை போட்டுவந்த தொண்டை இன்னும் கரகரக்கிறது. திருவிழாவில் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து கிடத்தி, பீம வேடக்காரர் தொடையில் அடித்துக் கொல்லும் படுகள மேட்டில் இப்போது புல் மண்டிக் கிடக்கிறது. ஆடு ஓட்டிவரும் பெண்ணிடம் கேட்கிறேன்: “இந்த வருஷம் போர் எப்பங்க?”

“எங்க சார்? முதல் மரியாதை யாருக்குன்னு ரெண்டு தெருவும் அடிச்சிக்கினு, அஞ்சாறு வருசமா கூத்தே இல்ல. அம்மன் தலைய விரிச்சிப் போட்டுக்கினே நிக்குது. அவங்க சமாதானமானாத்தான் போரு.”

மேட்டில் ஏறுகிறாள். துரியோதனன் தொடை வரும் இடமாகத்தான் இருக்கும். அங்கே ஆட்டைக் கட்ட முளைக்குச்சியை ஊன்றி, கல்லால் ஓங்கி அடிக்கிறாள்.