சொல்லாமல் அடிக்காத விளக்கு

அமெரிக்காவில், ராக்கி மலையடிவாரத்தில் இருநூறு ஆடுகளை ஒண்டியாகக் கட்டி மேய்ப்பவள் லோர்னா. ஆட்டுக்குட்டி தின்னும் கொயோட்டி நரியை அங்கே இரவில் விளக்கடித்துச் சுடலாம். ஆனால் முதலில் உள்ளூர்ப் போலீஸான ஷெரீப் அலுவலகத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் விளக்கடித்து மான் திருட வந்தவனுக்கும் பண்ணைக்காரிக்கும் என்ன வித்தியாசம்? அக்கம்பக்கத்தில் ஒருத்தரும் சொல்வதில்லை. லோர்னா மட்டும் இருபது வருஷமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அப்படியொரு பிடிவாதக்காரி.

ஆடுகள் குட்டி போடும் பருவத்தில், மூன்று நாள் தூங்காத அலுப்பில், ஒரு ராத்திரி போன் பண்ண மறந்துவிட்டாள். வெளிச்சத்தில் கொயோட்டி அசையாமல் நிற்கிறது. அவள் விரல் துப்பாக்கி விசையில் இருக்கிறது. அப்போதுதான் நினைவு வந்தது. அவள் நின்ற பள்ளத்தில் போன் சிக்னலும் கிடையாது. விளக்கை அணைத்துவிட்டு, போன் பண்ண வீட்டுக்கு வண்டியைத் திருப்பினாள். திரும்பி வருவதற்குள் அது ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் காபிக் கடையில் பக்கத்துப் பண்ணை ராய்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏம்மா, நீ போன் பேசிட்டு வர்ற வரைக்கும் அது அங்கயே காத்துக்கிட்டு நிக்குமா? அந்த இருட்டுல உன்னை யாரு பாக்கப் போறா?"

லோர்னா காபியைக் கீழே வைத்தாள்.

"இருட்டா? வெளக்கு என் கையிலதானடா இருந்துச்சு. என்னை நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்!"